மண்ணெண்ணெய்யில் ஓடினது பெருமையா?

"டாங்குக்குள்ள நாலு பூச்சி உருண்டை போட்டுப் பார், லீற்றருக்கு எவ்வளவு கூட ஓடுது எண்டு." இப்படிச் சொல்லுற ஒரு மாமாவாவது எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். கேள்வி கேட்டால் ஒரே பதில்தான்: "தொண்ணூறுகளில மண்ணெண்ணெய்யில கார் ஓடின ஆக்கள் நாங்கள். எங்களுக்கே சொல்லித் தாறியோ?"

அவர் சொல்வது பொய்யில்லை. 1990இல் மீண்டும் போர் தொடங்க, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடினார்கள். பழைய ஏ40 அதைத் தாங்கியது, அதன் எஞ்சினின் அமுக்க விகிதம் ஏறக்குறைய 7:1 என்பதால். இன்றைய கார்களில் பெரும்பாலும் அது 10:1 அல்லது அதற்கு மேல். ஒக்ரேன் குறைந்த மண்ணெண்ணெய்யை விட்டால் எஞ்சின் அடிக்கத் தொடங்கும். எரியாத மிச்சம் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும்.

பூச்சி உருண்டையும் அப்படித்தான். நப்தலீன் பெற்றோலில் கரையும். பெற்றோல் ஆவியானால் திரும்பவும் பளிங்காகிக் குழாய்களை அடைக்கும். இப்போது கடையில் விற்கும் பல உருண்டைகள் நப்தலீனே இல்லை, குளோரின் கலந்த வேறொரு இரசாயனம். அது எரிந்தால் அமிலம் உண்டாகி எஞ்சினை அரிக்கும். அசற்றோன் விடச் சொல்லுகிற ஆக்களும் இருக்கினம். அது இறப்பர் பாகங்களை ஊதப் பண்ணும்.

எங்களுக்குக் கோபம் மாமாமாரில் இல்லை, இந்தக் கதையைப் பெருமையாக மட்டும் சொல்லிப் பழகியதில்தான். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு மோட்டார் சைக்கிளோடு கியூஆர் காட்டி வரிசையில் நின்றபோதும், "எங்கட சனம் எதையும் சமாளிக்கும்" என்றுதான் சொன்னோம். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய்யில் படகு ஓடும் கடற்தொழிலாளர் எந்த உருண்டையைப் போட்டுச் சமாளிப்பது?

அன்று செய்தது கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தடை போட்டதால் வந்த கெட்டித்தனம். அடுத்தமுறை அந்தக் கதையைச் சொல்லேக்க, பெற்றோலை மறித்தது யார், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ மாமா. உருண்டையை அலுமாரிக்குள்ளயே விடுங்கோ.