மனை வாங்கப் போறீங்களா? ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து பாருங்க!

"ஏங்க, வாடகையே மாசம் ஒன்பதாயிரம் போகுது. இந்தக் காசுக்கு சொந்த வீட்டுக்கே இ.எம்.ஐ கட்டிரலாம்ல?"

எல்லீஸ் நகர், வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் என மதுரையின் எந்தப் பகுதி வாடகை வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பேச்சு வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குடும்பத்தோடு டூவீலரில் கிளம்பிவிடுவார்கள். திருமங்கலம் ரோடு, மேலூர் ரோடு, அழகர்கோவில் ரோடு என எந்தப் பக்கம் போனாலும் வண்ணக் கொடிகளும் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்களும் வரவேற்கும். "பஸ் ஸ்டாப் பக்கத்துலதான் சார், ஸ்கூல் வரப்போகுது, ஆஸ்பத்திரி வரப்போகுது" என்பார் புரோக்கர்.

அந்த 'வரப்போகுது' என்ற வார்த்தையில்தான் ஒரு குடும்பத்தின் இருபது வருடச் சேமிப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது.

தோப்பூர் – உச்சப்பட்டி

மதுரையில் 'துணை நகரம்' என்றதும் நினைவுக்கு வருவது, திருமங்கலம் போகும் வழியில் உள்ள தோப்பூர் – உச்சப்பட்டி துணைக்கோள் நகரம்தான். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது அறிவிக்கப்பட்டு, தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய திட்டம் இது. பரப்பு 580 ஏக்கருக்கும் மேல். நான்குவழிச் சாலை பக்கத்திலேயே போகிறது. கப்பலூர் தொழிற்பேட்டையும் தொட்டுவிடும் தூரம்தான்.

காகிதத்தில் பார்த்தால் எல்லாம் பொருத்தம். ஆனால், மனை போட்ட வேகத்தில் குடித்தனம் வரவில்லை. காரணம், புதிதாக முளைக்கும் எல்லா நகர்களுக்கும் பொதுவான அதே சிக்கல்தான். ஆள் இல்லை என்பதால் பஸ் வராது. பஸ் இல்லை என்பதால் ஆள் வராது. பத்து வீடு இருக்கும் இடத்தில் யாரும் மளிகைக் கடை போட மாட்டார்கள். கடை இல்லாத இடத்துக்குப் பதினோராவது குடும்பம் வராது. முதலில் வருகிறவர்கள்தான் இந்தச் சுமையை முழுசாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரி வந்தால் ஊர் வருமா?

தோப்பூரின் பெரிய நம்பிக்கை எய்ம்ஸ் மருத்துவமனை. 2019 ஜனவரி 27-ம் தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். கட்டடம் இல்லாததால், 2022-ல் சேர்ந்த முதல் 50 எம்.பி.பி.எஸ் மாணவர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் வகுப்பு தொடங்கியது. முழுவீச்சில் கட்டுமானம் தொடங்கியது 2024-ல். அதாவது, அடிக்கல் நாட்டி ஐந்து ஆண்டுகள் கழித்து. "எய்ம்ஸ் வரப்போகுது" என்று 2019-ல் மனை வாங்கியவர், அந்த ஐந்து ஆண்டுகளும் வட்டி கட்டியிருப்பார்.

அதற்காக நம்பிக்கையே கூடாது என்றில்லை. ஒரு பெரிய நிறுவனம் உண்மையிலேயே செயல்படத் தொடங்கிவிட்டால், சுற்றுப்புறம் மாறத்தான் செய்யும். 2004-ல் உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்ட பிறகு மாட்டுத்தாவணி – ஒத்தக்கடை பக்கம் எப்படி வளர்ந்தது என்பதை மதுரைக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அறிவிப்பு வேறு, அடிக்கல் வேறு, திறப்பு விழா வேறு. மூன்றுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

பக்கத்திலேயே இருக்கும் பழைய பாடம்

தோப்பூரிலிருந்து மதுரைக்குத் திரும்பும் வழியில், திருப்பரங்குன்றத்தை ஒட்டி ஹார்விபட்டி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் மதுரா மில் நிர்வாகம் தன் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்களின் பெயர்தான் ஊருக்கும். தனிப் பேரூராட்சியாக இருந்து, 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. இங்கே குடிவந்தவர்களுக்கு வேலை ஏற்கெனவே இருந்தது. வேலைக்குப் பின்னால் வீடு வந்தது. இன்றைய புதிய நகர்களில் வீடு முதலில் வந்துவிடுகிறது. மற்ற எல்லாவற்றையும் நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

கடல் கடந்தும் இதே கதைதான். கரீபியன் தீவான ஜமைக்காவில், தலைநகர் கிங்ஸ்டனுக்கு எதிர்க்கரையில் போர்ட்மோர் என்றொரு ஊர் உண்டு. 1960-களில் இருந்து வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் கட்டி விற்கப்பட்ட இடம். ரொம்ப காலம் 'தூங்குவதற்கு மட்டும் ஊர்' என்றுதான் அதற்குப் பெயர். வேலை, படிப்பு என்று எல்லாவற்றுக்கும் கிங்ஸ்டன் போக வேண்டும். 2003-ல்தான் அதற்குத் தனி நகராட்சி அந்தஸ்து கிடைத்தது. 2006-ல் தலைநகருக்குப் புதிய பாலம் வந்தபோது கூடவே சுங்கக் கட்டணமும் வந்தது. மக்கள் கொதித்துப் போனார்கள். கப்பலூர் டோல்கேட் பஞ்சாயத்தைப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன?

யாருடைய நாள் நீளமாகிறது?

ஊருக்கு வெளியே வீடு என்றால், டூவீலர் வைத்திருப்பவருக்கு அரை மணி நேரம் கூடுதல். அவ்வளவுதான். வண்டி ஓட்டத் தெரியாத அம்மாவுக்கும், டியூஷன் போகும் பிள்ளைக்கும், மாதா மாதம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் தாத்தாவுக்கும் அது வேறு கணக்கு. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால், பஸ் வராத நகருக்கு அந்தச் சலுகையும் வராது. ஆட்டோவுக்குத் தினம் 100 ரூபாய் என்றால், 25 நாளில் 2,500 ரூபாய். வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் இப்படித்தான் போகும். குடிதண்ணீர் கேனுக்கும் டேங்கர் லாரிக்கும் ஆகும் செலவு தனி.

கையெழுத்துப் போடும் முன்...

* காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அந்த இடத்தில் நில்லுங்கள். பஸ் வருகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். போகும்போது வீட்டுப் பெண்களும் கூட வரட்டும்.

* ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள் அதிகம். கோடையில் காய்ந்த நிலம் ஐப்பசியில் என்ன ஆகும் என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

* 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடும் லே-அவுட்டுக்கு ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணை இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

* 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய லே-அவுட் என்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவிகிதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்காக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வரைபடத்தில் பச்சை நிறம் அடித்திருந்தால் மட்டும் போதாது.

* 'ரோடு, பைப் லைன், விளக்கு எல்லாம் செய்து தருகிறோம்' என்ற பேச்சு ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள்.

* வீட்டுவசதி வாரிய மனை என்றால், விற்பனைப் பத்திரம் எப்போது கிடைக்கும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* ஏற்கெனவே குடியிருப்பவர்களின் கதவைத் தட்டி, "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது?" என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அந்த வீட்டு அக்கா சொல்லிவிடுவார்.

அப்படிக் கதவைத் தட்டும்போது இன்னொன்றும் தெரியவரும். அங்கே சங்கம் இருக்கிறதா என்பது. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே மனுவாக எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் அதற்குத் தனி மரியாதை. பஸ்ஸும் தெருவிளக்கும் பல நகர்களுக்கு அப்படித்தான் வந்திருக்கின்றன.

வீடு நான்கு சுவருக்குள் முடிந்துவிடுவதில்லை. பால் பாக்கெட் எங்கே கிடைக்கும், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே ஓடுவது, அவசரத்துக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வீடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கக் கிளம்பும்போது, டூவீலரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பாதி பதில் போகும் வழியிலேயே கிடைத்துவிடும்.