பிள்ளைகள் குறைந்தார்களா? குறைக்கப்பட்டார்களா?

சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்து போய்விட்டார்கள் என்றும், ஆதலால் அவைகளை மூடிவிடுவதோ, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவதோதான் புத்திசாலித்தனம் என்றும் சில கனவான்கள் பேசி வருகிறார்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு உபாத்தியாயர்களா, பொதுஜனங்களின் வரிப்பணம் இப்படியா பாழாவது என்று வயிறெரிகிறார்கள். வரிப்பணத்தின் மீது இவர்களுக்குள்ள அக்கறையை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அப்பிள்ளைகள் தாமாகக் குறைந்தார்களா, அல்லது குறைக்கப்பட்டார்களா என்கின்ற ஒரு கேள்வியை மாத்திரம் இவர்கள் ஏன் கேட்பதில்லை?

பிறப்புக் குறைந்துவிட்டது என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் பிறப்புக் குறைவு சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு மாத்திரம்தானா? காலையில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறதே தனியார் பள்ளிக்கூடத்து வேன், அதில் ஏறுகிற பிள்ளைகள் எங்கிருந்து பிறந்து வந்தார்கள்? ஆகவே, பிறந்த பிள்ளையும் நம் பள்ளிக்கூடத்துக்கு வராமற் போனதற்குக் காரணத்தைத்தான் நாம் தேட வேண்டும்.

2009ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் அட்டவணையில், ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடத்தில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டே உபாத்தியாயர்கள் என்றும், 61 முதல் 90 வரை மூவர் என்றும், 91 முதல் 120 வரை நால்வர் என்றும், 121 பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஐவர் என்றும் கண்டிருக்கின்றது. இதன் பொருள் என்ன? வகுப்பு ஐந்து, ஆனால் வகுப்புக்கு ஒரு உபாத்தியாயர் வேண்டுமானால் அந்த ஊரில் 121 பிள்ளைகள் இருந்தாக வேண்டும். ஒரு சிறு கிராமம் 121 பிள்ளைகளுக்கு எங்கே போகும்?

இருக்கிற இரண்டு பேரிலே ஒருவர் தலைமை உபாத்தியாயர். அவருக்குக் கணக்கெழுதவும், மேலதிகாரி கேட்ட விவரங்களை அனுப்பவும், கூட்டங்களுக்குப் போகவும் பொழுது சரியாய்ப் போய்விடும். மிச்சம் ஒருவர். அந்த ஒருவர் ஒன்றாம் வகுப்புக்கு "அ" எழுதிக்கொடுத்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கும் போடவேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து வகுப்புக்கும் காய்ச்சல் வந்த மாதிரிதான்.

இதைப் பார்க்கிற தகப்பன் என்ன செய்வான்? அவன் முட்டாளல்ல. கூலி வேலை செய்தாவது, கடன் வாங்கியாவது பிள்ளையை வேனில் ஏற்றுகிறான். அப்படி ஏற்றும்போதும் அநேக வீடுகளில் ஆண் பிள்ளைதான் வேனில் ஏறுகிறது. பெண் பிள்ளை சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறது. பிறகு ஆகஸ்டு 1ந் தேதிக் கணக்கு வருகிறது. தலை குறைந்தது என்று கண்டால் "பணி நிரவல்" என்று சொல்லி உபாத்தியாயரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். உபாத்தியாயர் போனதால் இன்னும் நாலு பிள்ளைகள் போகும். கடைசியில் ஒரு நாள், "பிள்ளையே இல்லை, மூடு" என்று உத்தரவு வரும். காலை வெட்டிவிட்டு, இவன் நடக்கமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பணத்தின் கதையும் இதுவேதான். பள்ளிக்கூடத்தின் சில்லறைச் செலவுக்கும் பழுது பார்ப்பதற்கும் வருஷத்துக்கு ஒரு மானியம், மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் ஏற்பாடாகியிருக்கின்றது. 30 பிள்ளைகள் வரை என்றால் 10,000 ரூபாய். அதற்கு மேல் 100 வரை என்றால் 25,000 ரூபாய். மழைக்காலத்தில் கூரை பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டா ஒழுகும்?

இது ஒருபுறம் இருக்க, அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிக்கூடத்தின் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்கள் ஏழை எளியவர்களின் பிள்ளைகளுக்கு விடப்படுகின்றன. அதற்குண்டான பணத்தைச் சர்க்கார் கட்டுகிறது. அந்த இடத்தைத் தேடிப் போகும் ஏழைப் பெற்றோரை நாம் குற்றஞ் சொல்லமாட்டோம். ஆனால், "என் பள்ளிக்கூடத்தைவிட அது மேல்" என்று சர்க்காரே சர்ட்டிபிகேட்டும் கொடுத்து, கையில் பணமும் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, பிறகு தன் பள்ளிக்கூடத்தில் தலை குறைகிறதே என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

மேலிடத்தின் யோக்கியதை இதைவிட மோசம். மேற்சொன்ன திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 60 பங்கும், மாகாண சர்க்கார் 40 பங்கும் போடவேண்டுமென்பது ஏற்பாடு. 2020ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கே போகவேண்டி வந்தது. அந்த 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கையும் அந்த வருஷம் அக்டோபரில்தான் துவங்கிற்று. கொள்கை பிடிக்கவில்லை என்றால் வாதாடுங்கள்; பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வாதாடுவது எந்த நாட்டு நாகரிகம்?

நிற்க, இந்தச் சிக்கனப் பேச்சு நமக்குப் புதிதல்ல. 1953ல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபையும் பணமில்லை, உபாத்தியாயரில்லை என்றுதான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாக்கி, அதே கட்டடத்தில் அதே உபாத்தியாயர்களைக் கொண்டு இரண்டு பங்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிடலாம் என்றார்கள். மிச்சப் பொழுதில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். சிக்கனம் என்கின்ற வாசலில் நுழைந்தது கடைசியில் சாதித் தொழிலாய் வெளியே வந்தது. ஜனங்கள் எதிர்த்தார்கள், 1954ல் காமராசர் அதை எடுத்தெறிந்தார். இன்றைக்கு அப்பன் தொழிலைச் செய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் பணம் கட்டக்கூடியவன் எல்லாம் வெளியேறிய பின், மூடப்படும் பள்ளிக்கூடத்தில் கடைசியாய் மிஞ்சுகிறவர்கள் யார்? சேரிப் பிள்ளையும், கூலிக்காரன் பிள்ளையும், பெண் பிள்ளையுந்தானே!

உபாத்தியாயர்கள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்களே என்று கேட்கலாம். 2024-25ம் வருஷத்துக் கணக்கின்படி, இந்தியா முழுவதிலும் ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிக்கூடங்கள் 7,993. அவைகளில் உபாத்தியாயர்கள் 20,817 பேர். அதே கணக்கில் ஒரே உபாத்தியாயர் உள்ள பள்ளிக்கூடங்கள் ஒரு லக்ஷத்துக்கு மேல். அவைகளில் 33 லக்ஷம் பிள்ளைகளுக்கு மேல். பிள்ளை இல்லாத இடத்தில் வாத்தியார். பிள்ளை இருக்கிற இடத்தில் வாத்தியார் இல்லை! இது உபாத்தியாயரின் குற்றமா, அவரை அங்கே வைத்தவர்களின் குற்றமா? அன்றியும், காலி ஸ்தானங்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் சொல்லுகிறது. அப்படியிருக்க, 2022ல் தமிழ்நாட்டில் 13,331 ஸ்தானங்களை, ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மாதம் 7,500 ரூபாய் என்கின்ற கூலிக்குத் தற்காலிகமாய் நிரப்பப் புறப்பட்டது ஏன்?

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. தலையை எண்ணி உபாத்தியாயர் கொடுப்பதை விட்டு, வகுப்பை எண்ணிக் கொடுங்கள். காலி ஸ்தானங்களை நிரந்தரமாய் நிரப்புங்கள். மூடுவதற்கு முன், அங்கே எத்தனை வருஷம் எத்தனை உபாத்தியாயர் இருந்தார்கள் என்பதை ஊராருக்குச் சொல்லுங்கள்.

தோழர்களே! அதே சட்டம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிர்வாகக் கமிட்டி வைத்து, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாயிருக்க வேண்டும் என்கிறது. கோவில் கமிட்டிக்கும் திருவிழாக் கமிட்டிக்கும் போட்டி போடுகிற நாம் இந்தக் கமிட்டிக்கு எத்தனை பேர் போனோம்? அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். இருக்கவேண்டிய உபாத்தியாயர் எத்தனை, இருப்பவர் எத்தனை, வந்த பணம் எவ்வளவு, செலவு எது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மூடிய பள்ளிக்கூடத்தைத் திறப்பது சுலபமல்ல. திறந்திருக்கும்போதே கேட்பதா, பூட்டின பிறகு அழுவதா என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.