அளவுகோல் யார் கையில்?

"டெலிமெட்ரி" என்கிறார்களே, அது என்ன? கிரேக்க மொழியில் "டெலி" என்றால் தூரம். "மெட்ரான்" என்றால் அளவு. தூரத்தில் உள்ளதைக் கருவியால் அளந்து, அந்தக் கணக்கைக் கம்பி வழியாகவோ ரேடியோ வழியாகவோ இருந்த இடத்துக்கே வரவழைப்பதுதான் டெலிமெட்ரி. தமிழில் தொலை அளவீடு எனலாம்.

இது மனித குலத்துக்கு அரும்பணி செய்த விஞ்ஞானம். 1930 ஜனவரி 30 அன்று, லெனின்கிராடுக்கு அருகே பாவ்லோவ்ஸ்கில், சோவியத் விஞ்ஞானி மோல்சனோவ் பலூனில் கருவியும் ரேடியோவும் கட்டிப் பறக்கவிட்டார். மேல்வானத்தின் வெப்பமும் காற்றழுத்தமும் தரைக்கு வந்து சேர்ந்தன. வானிலை அறிய இன்றும் இத்தகைய பலூன்கள் பறக்கின்றன. 1957 அக்டோபர் 4-ல் விண்ணேறிய ஸ்புட்னிக்கின் "பீப் பீப்" வெறும் ஓசையா? இல்லை. 83.6 கிலோ எடையுள்ள அந்தக் கோளத்துக்குள் வெப்பமோ அழுத்தமோ வரம்பு மீறினால், ஓசையின் நீளம் மாறிச் சேதி சொல்லும்படி அமைத்திருந்தார்கள்.

காற்றை அளந்தார்கள், யந்திரத்தை அளந்தார்கள். நல்லது. அதே பாணியில் இன்று உழைப்பாளியை அளக்கிறார்களே, அது யாருக்காக?

நூறு நாள் வேலையைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வருகையைச் செல்போன் செயலியில் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. தினம் இரண்டு முறை, இடமும் நேரமும் பதிந்த போட்டோ! சிக்னல் கிடைக்காத ஊரில் போட்டோ ஏறவில்லை. வெயிலில் மண் வெட்டியவளின் கூலி பறிபோனது. அடுத்த மாதமே டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் தர்ணா அமர்ந்தார்கள்.

முறைகேட்டை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். ஒழிந்ததா? சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய சர்க்காரின் சுற்றறிக்கையே ஒப்புக்கொண்டது. ஏய்ப்பவன் வழி கண்டுகொண்டான். உழைத்தவள் தண்டம் கட்டினாள்.

கருவிமேல் நமக்குப் பகையில்லை. அளவுகோல் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருப்பதைத்தான் எதிர்க்கிறோம். மில்லானாலும் வயலானாலும் நம் கோரிக்கை மூன்று. எதை அளக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்! அளந்த கணக்கின் நகலைச் சங்கத்துக்குக் கொடு! கருவி பழுதானால் கூலியில் கை வைக்காதே!

தோழர்களே, கணக்கெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டென்றால், கணக்குக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. சங்கமாகத் திரண்டு கேட்போம்!