ஹார்மோன் கிழங்கு பயிரிடலாமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், வள்ளிக்கிழங்கில் ஒரு வகையைப் பயிரிட்டால் ஹார்மோன் மருந்து செய்ய நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். விதைக்கிழங்குக்கு முன்பணம் கேட்கிறார். அதை அரைத்துக் கொடுத்தால் சினை பிடிக்காத மாடும் சினை பிடிக்குமாம். நம்பலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

மெக்சிகோ காடுகளில் வளரும் சில வள்ளி இனங்களின் கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் உண்டு. கருப்பையைக் கருவுக்குத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் அடிப்படை அமைப்பு இதிலும் இருக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர் 1940களில் இதிலிருந்து புரோஜெஸ்டிரோன் தயாரித்தார். 1951இல் மெக்சிகோவின் சின்டெக்ஸ் நிறுவனத்தில் நாரெத்திஸ்டிரோன் உருவானது. அதிக உதிரப்போக்குக்கு டாக்டர்கள் இன்றும் எழுதித் தரும் மாத்திரை அது.

ஹார்மோனைச் சாவி என்றால், செல்லுக்குள் இருக்கும் ஏற்பிப் புரதம் பூட்டு. டயோஸ்ஜெனின் இன்னும் வெட்டி அராவாத சாவி. ஆலையில் பல படிகளில் மாற்றிய பிறகே பூட்டில் பொருந்தும். அந்த வேலையை நம் உடலோ மாட்டின் வயிறோ செய்யாது. அதனால் கிழங்கை அரைத்துக் கொடுத்துப் பயனில்லை. காட்டு வள்ளிகளில் நஞ்சுள்ளவையும் உண்டு. மாட்டுக்கு வைக்கவே வேண்டாம்.

மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தாது உப்புக் குறைவா, கருப்பையில் நோயா, பருவம் தவறுகிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் புரோஜெஸ்டிரோன் உள்ள சாதனத்தைப் பிறப்புறுப்பில் சில நாள் வைத்து எடுப்பார்.

இனி விலைக்கு வருவோம். 1975இல் மெக்சிகோ அரசு தனி நிறுவனம் தொடங்கி, கிழங்குக்கு விலையை உயர்த்தியது. மருந்து கம்பெனிகள் சோயா எண்ணெயில் கிடைக்கும் ஸ்டீரால் போன்ற மாற்றுப் பொருள்களுக்குப் போய்விட்டன. காட்டில் கிழங்கு தோண்டிப் பிழைத்த குடும்பங்கள் வாங்க ஆளில்லாமல் தவித்தன. உங்களுக்கும் அதுவே நேரலாம். இந்தக் கிழங்கு எடுப்புக்கு வர இரண்டு, மூன்று வருஷம் ஆகும்; மருந்துக்காக விளைவித்ததைச் சந்தையில் உணவுக்கிழங்காக விற்கவும் முடியாது.

முன்பணம் கொடுக்காதீர்கள். எந்த ஆலை வாங்குகிறது, டயோஸ்ஜெனின் எத்தனை சதவீதம் வேண்டும், எங்கே பரிசோதிப்பார்கள், கிலோ என்ன விலை, எடுக்காவிட்டால் என்ன இழப்பீடு – இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் ஆளை அனுப்பிவிடுங்கள். தந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளோடு உங்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.