தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போவதில்லை

2022 ஜூலையில் பண்ருட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கபடிப் போட்டி. சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன் பாடிப் போகிறான். பிடியிலிருந்து தப்பிக்கத் தாவி விழுகிறான். எதிரணிக்காரரின் முழங்கால் நெஞ்சில் பட்டதாகச் செய்திகள் சொல்லின. எழுந்திருக்கப் பார்க்கிறான். மறுபடி சாய்கிறான். அவ்வளவுதான்.

அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. "களத்திலேயே உயிர்விட்ட வீரன்" என்று எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்த வரியைப் பார்த்துத்தான். உயிர்விடவா போனான் அவன்? ஒரு பாயின்ட் எடுக்கப் போனான்.

சாவை வீரமாக்குவது நமக்குக் கைவந்த கலை. 2009-இல் வந்த 'வெண்ணிலா கபடி குழு'வின் கடைசியில் நாயகன் செத்துப் போவான், தியேட்டரே அழுதது. 2025 அக்டோபரில் 'பைசன்' வந்தது, மணத்தி கணேசனின் வாழ்க்கையை வைத்து. நம்ம வட்டத்தில் எத்தனை கட்டுரைகள்! சாதி, நிலம், உடல் என்று எல்லாம் பேசினோம். பேசவேண்டியதுதான். ஆனால் மூச்சுக்கு மூச்சு 'உடல்' என்று எழுதிய நாம், அந்த உடலுக்கு ஒரு கழுத்து இருக்கு, அதுக்கு மேலே ஒரு மண்டை இருக்கு என்பதைப் பற்றி எழுதவே இல்லை.

நான் சொல்லவருவது இதுதான். கபடியில் தலையிலோ கழுத்திலோ படுகிற பிடிக்கு இப்போது இருப்பதைவிடக் கடுமையான தண்டனை வேண்டும். வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் பட்டதா என்று பார்க்கக் கூடாது. அதை முதலில் ப்ரோ கபடி லீகில் கொண்டுவர வேண்டும்.

விதியே இல்லை என்று சொல்லவில்லை. மூச்சை அடைக்கிற மாதிரி வாயைப் பொத்தக் கூடாது, கழுத்தை நெரிக்கக் கூடாது, முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது, காலால் கத்தரி போடக் கூடாது, காயம் உண்டாக்கும் முரட்டுப் பிடி கூடாது. எல்லாம் எழுதியிருக்கிறது. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் ஆட்டத்தை விட்டே வெளியே. சிக்கல் எங்கே என்றால், 'முரட்டு' என்ற சொல்லில். எது முரடு என்பதை நடுவர் அந்த நொடியில் முடிவு செய்யணும். ஏழு பேர் மேலே விழுந்து கிடக்கும்போது அவர் எதைப் பார்ப்பார்? தேடுவது கெட்ட எண்ணத்தை. அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விசில் வராது.

இதே தகராறை ரக்பி லீக் பட்டுத் தீர்த்திருக்கிறது. நம்மில் பலருக்கு அந்த ஆட்டம் தெரியாது. ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் அது ஏறக்குறைய மதம். ஓடி வருகிறவரை மோதி, அணைத்து, தரையில் சாய்க்கணும். ஒரு விதத்தில் நம்ம சடுகுடுவுக்குத் தூரத்துப் பங்காளி. மோதும்போது கை கழுத்துக்கு மேலே போனால் அது 'ஹை டாக்கிள்'. பல காலமாக அதற்குப் பெரும்பாலும் ஒரு பெனால்டி, ஒரு முறைப்பு, அவ்வளவுதான். 2021 மே மாதம் நிர்வாகம் திடீரென்று கையை முறுக்கியது. பிரிஸ்பேனில் ஒரே வார இறுதியில் 3 பேர் ஆட்டத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். 14 பேர் தலா பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்தார்கள். "ஆட்டம் செத்துப்போச்சு" என்று பழைய வீரர்கள், வர்ணனையாளர்கள், ரசிகர்கள் எல்லாரும் ஒப்பாரி வைத்தார்கள். செத்ததா? 2024-இல் அந்த லீக் தன் சீசனை லாஸ் வேகஸில் போய்த் தொடங்கியது.

அந்த முறுக்கல் ஒன்றும் மென்மை மனசால் வந்ததில்லை. 2019-இல் சிட்னி ஆய்வாளர்கள் இறந்துபோன முன்னாள் லீக் வீரர்கள் இருவரின் மூளையில் சி.டி.இ. என்ற சிதைவைக் கண்டார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதால் வருவது. நினைவு போகும், குணம் மாறும். உயிரோடு இருக்கும்போது அதை உறுதி செய்ய முடியாது, மூளையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2022-இல் பால் கிரீன் தன் 49-ஆவது வயதில் தற்கொலை செய்துகொண்டார். வீரராக ஆடியவர், பயிற்சியாளராக 2015-இல் கோப்பை வாங்கித் தந்தவர். அவர் மூளையிலும் அதுவே, முற்றிய நிலையில். நம்மூரில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் 50 வயதில் பேர் மறந்து, கோபக்காரராகி, குடித்து வீழ்ந்தால் அவருக்கு நாம் வைக்கும் பெயர் 'நல்லா ஆடுனவன், பாவம், வீணாப்போயிட்டான்'.

"வேணும்னு பண்ணலையே, சார்?" இதுதான் எல்லாரும் கேட்பது. உண்மை. பெரும்பாலும் யாரும் வேணும்னு பண்ணுவதில்லை. ஆனால் மூளைக்கு அடித்தவரின் மனசு தெரியாது. ரக்பி யூனியன்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: தலையில் பட்டதா, எவ்வளவு ஆபத்து என்று முதலில் பார், பிறகு, ஓடி வந்தவர் கடைசி நொடியில் திடீரென்று குனிந்தாரா என்று பார், குனிந்திருந்தால் தண்டனையை ஒரு படி குறை. கபடிக்கு இது அப்படியே பொருந்தும். 'டுப்கி' போடும் ரெய்டர் கைகோத்து நிற்கிற சங்கிலிக்கு அடியில் தலையை விட்டு நுழைகிறார். அங்கே பிடிப்பவரின் முட்டி தலையில் பட்டால் பாதிப் பொறுப்பு அவருடையதுதான். சரி, மஞ்சள் கொடு. ஆனால் நின்றுகொண்டிருப்பவரின் கழுத்தில் கையைப் போட்டு இழுத்தால் சிவப்பு, அடுத்த ஆட்டங்களுக்கும் தடை. அந்த இரண்டு நிமிட மஞ்சளும் பத்தாது. ரக்பி லீகில் 80 நிமிட ஆட்டத்தில் பத்து நிமிடம் ஆள் குறைவு. இங்கே 40-இல் இரண்டு. அடித்தால் அணிக்கு வலிக்கணும், அப்போதுதான் கோச் சொல்லித்தருவதை மாற்றுவார்.

இன்னொன்று. யூனியன் ஆய்வில் வந்த ஒரு கணக்கு எனக்கே புதிது: மோதலில் தலையில் அடிபட்டவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசி பேர் பிடிக்கப் போனவர்கள், பிடிபட்டவர்கள் இல்லை. கார்னரில் நிற்கிற பையன் கணுக்காலுக்குத் தலைகுனிந்து பாய்வதை நினைத்துப் பாருங்கள். எதிரே வருவது ஒரு முழங்கால். அதில் யாருக்கு அட்டை? யாருக்கும் வேண்டாம். அவனை வெளியே எடு, மருத்துவர் பார்க்கட்டும். ஆஸ்திரேலியாவில் மூளை அதிர்ச்சி என்று முடிவானால் குறைந்தது 11 நாள் ஆடக்கூடாது. நம்ம மின்னொளி கபடிப் போட்டியில் இரவு பத்துக்கு அடிபட்டவன் விடியற்காலை செமி ஃபைனலுக்கு நிற்பான். மூஞ்சியில் தண்ணியை அடித்து, "ஒண்ணும் இல்லடா, போ" என்பதுதான் சிகிச்சை.

"ஆட்டத்தோட மரபு போயிடும்" என்பவர்களுக்கு: எந்த மரபு? மண்ணிலிருந்து மேட்டுக்குப் போனபோது போகவில்லையா? 'டூ ஆர் டை' ரெய்டும் 'சூப்பர் டாக்கிளும்' நம்ம முப்பாட்டன் வகுத்ததா? 2025 சீசனில் டை ஆன ஆட்டங்களுக்கு 'கோல்டன் ரெய்டு' வந்தது. டி.வி.க்காக எத்தனை விதியை வேண்டுமானாலும் மாற்றலாம், மண்டைக்காக ஒன்றை மாற்றினால் பண்பாடு அழிந்துவிடும்!

ஜல்லிக்கட்டைப் பாருங்கள். அதைவிட மரபா? வழக்கு, போராட்டம், 2017 சட்டத் திருத்தம் எல்லாம் தாண்டி அங்கே திமிலைத்தான் பிடிக்கணும், கொம்பையோ வாலையோ தொடக்கூடாது. காளைக்குக் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று காளைக்குச் சொல்ல முடிந்த நமக்கு மனுஷனுக்குச் சொல்ல நா எழவில்லை.

ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கிராமத்து ஆட்டத்துக்கு விதி எழுதுகிறாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டி.டி.கே. சாலை சபா கேன்டீனில் காபி குடிக்கிற எங்க ஏரியாவில் பிள்ளையை டென்னிஸுக்கு அனுப்புவார்கள், கபடிக்கு அனுப்பமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன். அடி வாங்காத ஊர்தான் அடியின் அழகைப் பற்றி அதிகம் பேசுகிறது. கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கியபோது "கண்ணகி நகர் பொண்ணு" என்று நாமும் கொண்டாடினோம். சென்னை நடுவிலிருந்த குடிசைகளை இடித்து, மக்களை அள்ளிக்கொண்டுபோய் விட்ட ஊர் அது. இன்று அவளைப் பார்த்துக் களத்தில் இறங்கும் சின்னப் பெண்களின் தலைக்கு விதி எழுதவேண்டும் என்றால், அதை நகரத்து மேட்டிமை என்று ஒதுக்குவது வசதியான வாதம்.

காசுள்ள இடத்தில் காயம் வேறு மாதிரி. 2022-இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு வாங்கிய பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே இருந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது, மருத்துவர் வந்தார். மின்னொளி ஆட்டத்தில் வருவது பின்னாடி ஒருத்தன் பிடித்துக்கொள்ள ஒரு பைக்.

ஏன் முதலில் லீகில் என்கிறேன்? கிராமத்து நடுவரை யோசித்துப் பாருங்கள். சுழற்கோப்பை கொடுத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஊர்ப் பையன் ஒருத்தன் கழுத்தில் கை போட்டுவிட்டான். சிவப்பு அட்டை காட்டினால் நடுவர் வீட்டுக்கு முழுசாகப் போவாரா என்பதே சந்தேகம். புத்தகத்தில் எந்த விதி இருந்தாலும் அவர் கை பாக்கெட்டை விட்டு வெளியே வராது. ஆனால் ராத்திரி ராத்திரி டி.வி.யில் அதே பிடிக்கு அதே அட்டை, பெரிய பெரிய வீரர்களுக்கே, ஒரு சீசன் முழுக்க விழுந்திருந்தால், அவரிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியமாவது இருக்கும்: "அண்ணே, நான் என்ன பண்றது, டி.வி.யில பாத்தீங்கல்ல?"