இரண்டு நிஜம், ஒரு பொய்

ட்ரெய்னிங் என்று எங்கள் ஆபீஸ் மொத்தத்தையும் ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார வைத்தார்கள். ஏ.ஸி. குளிர் போதாதென்று 'ஐஸ் பிரேக்கர்' விளையாட்டு வேறு. ஆளுக்கு மூன்று விஷயம் சொல்லணும். இரண்டு நிஜம், ஒன்று பொய். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கணும். (இதற்கு அந்தாக்ஷரியே தேவலை. பாட்டு வராவிட்டாலும் மானம் போகாது.)

"நான் ஸ்டேட் லெவல்ல கபடி ஆடியிருக்கேன்" என்று ஆரம்பித்ததுமே ஹால் சிரித்தது. தொப்பை காட்டிக் கொடுத்துவிட்டது.

அடுத்து, என் எதிர் ஸீட் அக்கவுன்டன்ட். "எனக்குக் கடம் வாசிக்கத் தெரியும். நீச்சல் தெரியும். காபி பிடிக்காது."

"காபிதான் பொய்!" என்று முதல் ஆளாகக் கத்தினேன். பின்னே? 9 வருஷமாக தினம் 11 மணிக்கு அவரோடுதானே குடிக்கிறேன்!

"இல்லை சார், நீச்சல்தான் தெரியாது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகக் கேட்டேன். "அப்புறம் ஏன் சார் தினமும்..?"

"நீங்க ஆசையா கூப்பிட்டீங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

மறுநாள் 11 மணி. கேன்டீனில் பெருந்தன்மையாக, "ரெண்டு டீ" என்றேன்.

மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. "டீ அதைவிடப் பிடிக்காது சார்!"