காந்தி: கடைக்காரர் பெயர்

நேருவின் மகள் இந்திராவை மணந்த பெரோஸ் காந்திக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் மகாத்மா காந்தி என்பது மேடைக்கு மேடை சொல்லப்படும் கதை. அவரை மகாத்மா தத்தெடுத்தார் என்பார் ஒருவர். ‘பெரோஸ் கான்’ என்ற முஸ்லிம் பெயரை மறைக்கச் செய்த ஏற்பாடு என்பார் இன்னொருவர். இரண்டும் பொய்.

காந்தி என்பது தொழிலால் வந்த குடும்பப் பெயர். வாசனைப் பொருள், பலசரக்கு, மூலிகைச் சரக்கு விற்பவரைக் குஜராத்தில் காந்தி என்பார்கள். பனியா விற்றாலும் பார்சி விற்றாலும் கடைக்காரர் காந்திதான். டாட்டா இரும்பாலையின் முதல் இந்தியப் பொது மேலாளர் சர் ஜஹாங்கீர் காந்தியும் பெரோஸைப் போலவே பார்சி. அவரை யாரும் மகாத்மாவின் தத்துப்பிள்ளை ஆக்கவில்லை. நேரு வீட்டில் பெண் எடுக்காததுதான் காரணம் போலும்!

தொழில் போனாலும் பெயர் போவதில்லை. தம் குலத்தார் ஆதியில் மளிகை வியாபாரிகளாக இருந்திருக்க வேண்டும் என்று ‘சத்திய சோதனை’யின் தொடக்கத்திலேயே மகாத்மா எழுதுகிறார், ஆனால் தாத்தா காலம் முதல் அவர்கள் கத்தியவார் சமஸ்தானங்களில் திவான்கள். பெரோஸின் தந்தையோ கப்பல் பொறியாளர். 1912இல் பம்பாயில் பிறந்த மகனுக்குத் தந்தை வழியிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. இந்திராவுடன் திருமணம் நடந்தது 1942 மார்ச்சில். முப்பதை நெருங்கிய மாப்பிள்ளைக்கு எந்தத் தத்து?

கதைக்கு இடம் கொடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். பார்சிக் காந்திகள் ஆங்கிலத்தில் தம் பெயரை வேறு விதமாக எழுதுவது வழக்கம். பெரோஸ் பிற்பாடு மகாத்மாவின் கூட்டலுக்கு மாறிக்கொண்டார். குஜராத்தியில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ‘கான்’ கதைக்கு இந்த அளவு சாக்குகூட இல்லை: 1960இல் இறந்த அவருடைய அஸ்தியின் ஒரு பகுதி அலகாபாத்தில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில்தான் வைக்கப்பட்டது.

தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் தமிழருக்குக் குடும்பப் பெயர் பழக்கமில்லை. மகாத்மாவின் நினைவாகப் பிள்ளைக்குக் காந்தி என்று பெயர் வைக்கும் ஊரில், அது ஒருவருக்கே உரிய பெயராகத் தோன்றுவது இயல்பு. மேடையேறிப் பேசுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

மகாத்மாவே இந்தத் திருமணத்தைப் பற்றி 1942இல் ‘ஹரிஜன்’ இதழில் எழுதியிருக்கிறார். வசைக் கடிதங்கள் வந்திருந்தன. பெரோஸ் பார்சியாக இருப்பது ஒன்றே கடிதம் எழுதியவர்கள் கண்ட குற்றம் என்று பதில் சொன்னார். கல்யாணத்துக்காக மதம் மாறுவதைத் தாம் எதிர்ப்பதாகவும் அதிலேயே எழுதினார். பிறப்பை மறைக்கப் பெயர் கொடுத்தவர், மாப்பிள்ளை பார்சி என்று பத்திரிகையில் அறிவித்திருக்க மாட்டார்.